கடைசி ஹோம்

சனிக்கிழமை சாயங்காலமானால் என் மகன் பிரபா கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொள்கிறான். நாங்கள் இருப்பது ஷார்ஜாவில், முவைலாவில். வெளியே போனால் செருப்பின் ரப்பர் இளகுகிற ஊர். வீட்டுக்குள் ஏசியை நன்றாகக் குளிரவைத்து, பழுப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக ஓடுகிற கம்பளி மப்ளரைச் சுற்றிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்கிறான். முதல் தடவை பார்த்தபோது தொண்டை கட்டிவிட்டது போல என்று மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் குடித்துவிட்டான். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒன்றும் இல்லாதவன் ஏன் கஷாயத்தைக் குடிக்கிறான்? என்னிடம் எதையோ மறைக்கிறவன்தான் குடிப்பான்.

பிறகுதான் தெரிந்தது, கால்பந்து. இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊர், பெயர் என் வாயில் நுழையவில்லை. பிரபாவின் கம்பெனியில் அவனுக்கு மேலே இருக்கும் டேவிட் என்கிற வெள்ளைக்காரர் அந்த ஊர்க்காரர். மப்ளர் அவர் கொடுத்தது. மேலே இருக்கிறவர் மனம் கோணக்கூடாது என்றுதான் இவன் பார்க்கத் தொடங்கினான் என்று மருமகள் சுகன்யா சொன்னாள். இருக்கலாம். ஆனால் மனம் கோணாமல் பார்க்க வந்தவன் அந்த டீம் தோற்றால் சாப்பிடாமல் படுப்பானா? இவன் அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. துறையூர் பக்கம் எங்கள் ஊரில் கபடி நடக்கும். ஊர்க்காரன் ஆடுவான், ஊர்க்காரன் கத்துவான், தோற்றால் ஊர்க்காரனே அடிக்கவும் போவான். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இங்கே ஆடுகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஊரே இல்லையாம். கறுப்பர், வெள்ளையர், எந்தெந்த நாட்டுக்காரரோ. ஒப்பந்தத்துக்கு வந்தவர்கள், முடிந்தால் போய்விடுவார்கள். துபாயில் கூலியாட்கள் தங்குகிற சோனாப்பூர் கேம்ப் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். வெளியில் சொல்லவில்லை. நான் எதையும் வெளியில் சொல்கிறவள் இல்லை.

அங்கே டீம்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். இது நாலாவது தட்டு. அதிலும் அடியில் கிடக்கிறது. மே மாதம் ஆட்டமெல்லாம் முடியும்போது கடைசி இரண்டு இடத்தில் நிற்கிறவர்களை அந்தத் தட்டிலிருந்தும் கீழே தள்ளிவிடுவார்களாம். இதையெல்லாம் சுகன்யா அப்பளம் பொரிக்கிற நேரத்தில் சொன்னாள். என் விசா முடிவதும் மே மாதம்தான். பெற்றவர்களுக்கு இங்கே ஒரு வருஷத்துக்குத்தான் விசா. ஒவ்வொரு வருஷமும் பிள்ளை கேட்டு வாங்க வேண்டும். அவன் கேட்கவில்லை என்றால் அவ்வளவுதான்.

ஒரு நாள் நான் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவு முழுதாகச் சாத்தவில்லை. உள்ளே இவன் சுகன்யாவிடம் சொல்கிறான்: “மே மாசத்துக்குள்ள தெரிஞ்சிரும்டி. இன்னும் ஹோம் நாலு இருக்கு. ஹோம்னா பிரச்சினை இல்ல. அவே நெனச்சாதான் பயமா இருக்கு.”

“போன மாசம் ஹோம்ல என்ன கிழிச்சாங்க?” என்றாள் அவள்.

“அது சரியில்லதான். ஆனா இப்ப பாத்துக்கறதுக்குப் புது ஆள் போட்டிருக்காங்க.”

மடித்த புடவையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன். அவே என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஹோம் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கும் எங்கள் பக்கத்தில் அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை தெரியும். வயதானவர்களைக் கொண்டுபோய் விடுகிற இடம். நாலு இருக்கிறதாம். எது தோது என்று பார்க்கிறார்கள். பார்த்துக்கொள்ளப் புது ஆள் வேறு.

எங்கள் தெருவில் தனலட்சுமி அக்கா இருந்தாள். மகன் அமெரிக்காவிலிருந்து வந்து சமயபுரம் போகலாம் என்று காரில் ஏற்றினான். அக்கா அரக்குப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, மடியில் தேங்காய் பழத் தட்டோடு எங்கள் எல்லோருக்கும் கையாட்டிவிட்டுப் போனாள். கார் திருச்சியில் ஒரு ஹோமில் நின்றது. பிறகு ஒரு முறை நாங்கள் போய்ப் பார்த்தோம். சுத்தமான இடம்தான், குறை சொல்ல முடியாது. “அன்னைக்கு உடைக்காத தேங்காயை என்னடி பண்ணானுவ?” என்று கேட்டாள். அதை மட்டும்தான் கேட்டாள். போவதற்கு முந்தின வாரம் அவளுக்கு ரத்தம் எடுத்துப் பரிசோதனை பார்த்தார்கள் என்பது எனக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

ஏப்ரலில் எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். விசாவுக்கு என்றான் பிரபா. போன வருஷமும் எடுத்தார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் போன வருஷம் திரும்பி வரும்போது வழியில் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தான். இந்த வருஷம் போனையே பார்த்துக்கொண்டு வந்தான். “விசா வந்துரும்ல தம்பி?” என்று கேட்டதற்கு, “வந்தாத்தாம்மா தெரியும்” என்றான். அன்றிலிருந்து வீட்டில் இருமல் வந்தால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இருமினேன். முட்டி வலித்தாலும் தைலம் தடவவில்லை, வாசனை வரும். ஒரு தடவை பாத்திரம் முழுவதையும் நானே தேய்த்து வைத்தேன். “ஏன் அத்தை, மெஷின் இருக்குல்ல?” என்றாள் சுகன்யா. நல்ல பிள்ளைதான். நல்ல பிள்ளைகளுக்குத்தான் இதெல்லாம் சிரித்துக்கொண்டே செய்ய வரும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை டேவிட்டே வீட்டுக்கு வந்தார். சிவந்த முகம், நல்ல உயரம், அவர் கழுத்திலும் அதே மப்ளர். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் விடவில்லை. எட்டிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தி, “லாஸ்ட் ஹோம், அம்மா! லாஸ்ட் ஹோம்!” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

லாஸ்ட் என்றால் கடைசி என்று பஸ் ஸ்டாண்டில் லாஸ்ட் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குத் தெரியும். கடைசி ஹோம். மூன்றைத் தள்ளிவிட்டு ஒன்றைப் பிடித்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன். சரி சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு கொத்தமல்லி இல்லை என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

கட்டடத்துக்குக் கீழே குரோசரி வைத்திருக்கும் சாகுல் பாய் அதிராம்பட்டினத்துக்காரர். தராசில் விரல் வைக்கிறாரோ என்று வந்த நாளிலிருந்து நான் பார்த்து வருகிறேன், இன்னும் பிடிபடவில்லை. கொத்தமல்லிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டே குரலை இறக்கிக் கேட்டேன்.

“பாய், இங்க இருந்தே ஊர்ல ஹோமுக்கு ஏற்பாடு பண்ணிட முடியுமா?”

“எந்த ஹோமு பெரியம்மா?”

“வயசானவங்கள விடற ஹோமு. நாலு பாத்தாங்க. இன்னைக்குக் கடைசி ஹோமாம். வெள்ளைக்காரரு வந்து மேல உக்காந்திருக்காரு.”

பாய் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். “யா அல்லா! பெரியம்மா, அது பந்து விளையாட்டு! சொந்த ஊரு கிரவுண்டுல ஆடுனா ஹோமு. அடுத்த ஊருக்குப் போய் ஆடுனா அவே. இன்னைக்கு அவுங்க ஊருல கடைசி ஆட்டம், அதத்தான் சொல்லியிருக்காரு.”

“பாத்துக்கப் புது ஆள் போட்டிருக்காங்கன்னு சொன்னானே?”

“கோல் விடாம பாத்துக்க கீப்பர போட்டிருப்பாங்க. அதுவும் ஒரு டீமுன்னு உங்க மவன் மப்ளரு சுத்திக்கிறாரு பாருங்க! எவ்வளவு பெரிய பெரிய டீமெல்லாம் இருக்கு. கொஞ்சம் புத்தி சொல்லுங்க.”

கொத்தமல்லிக்குக் காசு வேண்டாம் என்றார். பொய் சொன்னவர்தான் காசு வேண்டாம் என்பார் என்று லிஃப்டில் ஏறும்போது ஒரு நினைப்பு வந்தது. ஆனாலும் மனசு லேசாகிவிட்டது. இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் தடவையாக ஓரமாக உட்கார்ந்தும் பார்த்தேன். மழையில் ஆடினார்கள். பழுப்புச் சட்டைக்காரர்கள் ஜெயித்தார்கள். டேவிட் எழுந்து குதித்தார்.

குதித்து உட்கார்ந்தவர் டிவியில் ஒரு மூலையைக் காட்டி என்னிடம் ஏதோ சொன்னார். கொடிக்குப் பின்னால் ஒரு செங்கல் கட்டடத்தின் கூரை தெரிந்தது. பிரபா சொன்னான்: “அவங்கம்மா அந்தக் கட்டடத்துலதாம்மா இருக்காங்க. கோல் விழுந்தா சத்தம் அவங்க ரூமுக்குக் கேக்குமாம். அதனாலதான் சாருக்கு இந்த டீம் மேல இவ்வளவு இது.”

“அது அவுங்க வீடா?”

பிரபா கொஞ்சம் தயங்கினான். “இல்லம்மா. ஹோம்.”

அப்புறம் அவன் டேவிட்டிடம் இங்கிலீஷில் நிறையக் கேட்டான். அவர் கையை விரித்து விரித்துச் சொன்னார். “ரொம்ப நல்லா பாத்துக்கறாங்களாம்மா. தோட்டமெல்லாம் இருக்காம்” என்று என்னிடம் சொன்னான். எனக்கு எதற்குச் சொல்கிறான்? டேவிட் கூரை தெரிந்த அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து விளம்பரம் ஓடியபோதும் பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. என் மகன் இவரிடம் வேலை கற்கிறான், வேறு எதையெல்லாம் கற்கிறானோ.

கடைசி ஆட்டம் அடுத்த வாரம், அவே. தோற்றால் கீழே. யாரும் ஜெயிக்காமல் சமமாக முடிந்தாலே தப்பிக்கலாம். காலையிலிருந்து பிரபா யாரோடும் பேசவில்லை. என் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துப் பாதி அடுக்கினேன். சொல்லாமல் காரில் ஏற்றினால் மாற்றுப் புடவையாவது இருக்கட்டும். பட்டுப் புடவை வைக்கவில்லை.

ஆட்டத்தில் பழுப்புச் சட்டையைக் காணோம். அவே என்றால் சட்டையும் வேறு போட வேண்டுமாம், வெள்ளை போட்டிருந்தார்கள். இத்தனை ஜனத்துக்கு நடுவில் நம்ம ஆட்கள் எங்கே என்று கேட்டேன். பிரபா கடைசியில் ஒரு மூலையைக் காட்டினான். ஆட்டம் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களுக்கு என்று ஒதுக்கின மூலை. கயிறு கட்டி, மஞ்சள் கோட்டு போட்ட காவல்காரர்கள் சுற்றி நிற்கிறார்கள். கொஞ்சம் பேர்தான். ஆனால் கிரவுண்டிலேயே அதிகச் சத்தம் அங்கேயிருந்துதான் வந்தது.

பந்து இரண்டு பக்கமும் உள்ளே போகவில்லை. முடிந்ததும் பிரபா தரையில் மண்டிபோட்டு மப்ளரில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சுகன்யாகூடக் கை தட்டினாள். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவன்போல் நிமிர்ந்து, “அம்மா, உன் விசா காலைலயே வந்துருச்சு. டென்ஷன்ல சொல்ல மறந்துட்டேன்” என்றான்.

மறக்கிற விஷயமா இது? ஆனால் முகத்தில் பொய் இல்லை. அவன் தலையில் கை வைத்தேன், வேர்த்திருந்தது. அத்தனை ஏசியிலும் வேர்த்திருந்தது.

“அடுத்த வருசம் தம்பி?” என்றேன்.

அவன் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அடுத்த வருசம் மறுபடி முதல்லேருந்துதாம்மா. ஒவ்வொரு வருசமும் இப்படித்தான் தப்பிக்கணும்.”

டீமைச் சொன்னானா, என்னைச் சொன்னானா? கேட்கவில்லை. பெட்டியை அப்படியே பாதியோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். திரும்பி வந்தபோது டிவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளூர்க்காரர்கள் எழுந்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். நாற்காலியெல்லாம் காலி, விளக்குகளை ஒவ்வொரு பக்கமாக அணைத்துக்கொண்டு வந்தார்கள். அந்த மூலையில் மட்டும் ஆட்கள் போகாமல் நின்றார்கள். யாரோ ஒருவருடைய ஊரில், கயிற்றுக்கு உள்ளே, மஞ்சள் கோட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.