எரியோட்டுக்குப் போன காளைச் சுறா

காலை பத்து மணிக்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். தூத்துக்குடியில் நாலு மணிக்கே கிளம்பி, மதுரையில் வண்டி மாறி வந்திருந்தேன். கையில் பனையோலைப் பெட்டி. அதற்குள் ஐஸ், ஐஸுக்குள் இரண்டு கிலோ சுறா. எரியோட்டில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை மல்லிகாவுக்குக் குழந்தை பிறந்து ஒன்பது நாள். தாய்ப்பால் பற்றவில்லை, பால் சுறா கிடைத்தால் கொண்டு வாருங்கள் என்று மாப்பிள்ளை போன் செய்திருந்தார். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு கொடுத்தால் பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எங்களுக்கு அம்மா இல்லை, நான்தான் செய்தாக வேண்டும்.

ஆனால் முந்தின நாள் ஏலத்துக்குப் பால் சுறா வரவில்லை. ஆள் நீளத்துக்கு மேலான வேறொரு சுறாதான் கிடந்தது; அதில்தான் இரண்டு கிலோ அறுத்து வாங்கினேன். ஐஸ் கம்பெனியில் பல வருடம் வேலை பார்ப்பதால் அதன் இங்கிலீஷ் பெயர் எனக்குத் தெரியும். தமிழில் சொன்னால் காளைச் சுறா. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது.

பத்து நாற்பதுக்கு எரியோடு பஸ். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், டிக்கெட் அப்போது மூன்றரை ரூபாய். சந்தையில் முருங்கைக்காயைப் போட்டுவிட்டுத் திரும்பிய பெரியசாமி என்பவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மல்லிகா வீட்டுக்கு அடுத்த தோட்டம் அவருடையது.

"என்னப்பு, மீன் வாடை தூக்குது?" என்றார்.

அவ்வளவுதான், பெட்டியில் இருப்பது காளைச் சுறா என்று ஆரம்பித்துவிட்டேன். சிறுமலைச் சிறுத்தை ஆட்டை அடித்தால் மறைவுக்கு இழுத்துப் போய்த்தான் தின்னும். முதலை கரையோரம் அசையாமல் கிடந்து காத்திருக்கும். வெள்ளைச் சுறா இதைவிடப் பெரியது, ஆனால் கடலை விட்டு வராது. இதுவோ உப்புத் தண்ணீரிலும் இருக்கும், ஆற்றிலும் ஏறும். முதலில் முட்டிப் பார்க்கும், பிறகு கடிக்கும். மனிதனையும் கடித்திருக்கிறது என்றேன்.

"அப்ப நம்ம குடகனாத்துக்கும் வருமா?"

"காவிரியில ஏறினா வழி இருக்கு."

"மொதல்ல தண்ணி வரட்டும் அப்பு. சுறா பிறகு வரட்டும்" என்று வெளியே பார்த்தார். ஆறு மணலாகக் கிடந்தது.

பதினொன்றரைக்கு வீடு. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பெரியசாமி வாசலில் நின்றே சொல்லிவிட்டார்: "தம்பி காளைச் சுறா கொண்டாந்திருக்காரு. சிறுத்தைய விடப் பொல்லாததாம். மனுசனையே கடிக்குமாம்."

மல்லிகாவின் மாமியார் பெட்டியை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"காளையா? காளை என்னைக்குத் தம்பி பால் குடுத்துச்சு?"

"அத்தை, பேருதான் காளை. இது பெட்டை. அறுக்கும்போது வயித்துல குட்டி இருந்துச்சு."

"இருக்கட்டும். மனுசனைக் கடிக்கிறத பச்ச உடம்புக்காரிக்குக் குடுக்கச் சொல்றீகளா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், தன் அம்மாவைப் பார்த்தார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அதற்குள் உள்ளே குழந்தை அழுதது. ஒன்பது நாள் குழந்தையின் அழுகை அவ்வளவு சன்னமாக இருக்கக் கூடாது. பயந்துபோனேன்.

மல்லிகா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கண் குழி விழுந்திருந்தது.

"அத்தை, இவன் ராத்திரியெல்லாம் சப்பிட்டு ஒண்ணுமில்லாம அழுகுறான். எனக்குப் பசிக்குது. நான் மீனத்தான் திங்கப் போறேன், பேரைத் திங்கப் போறதில்ல. வேக வைங்க."

மாமியார் பெட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்துப் பிழிந்து, வெங்காயமும் ஒரு கை நிறையப் பூண்டும் போட்டுக் கிளறினார். நான் சொல்லிக் கொடுக்க வாயெடுத்தேன். மாப்பிள்ளை தொழுவத்திலிருந்தே கையமர்த்தினார். மல்லிகா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையிலும் மதியத்திலும் அதே புட்டு. சாயங்காலம் பால் குடித்த குழந்தை, வாயோரம் பால் வழிய, அழாமல் தூங்கிவிட்டது. சுறாவின் வேலையா, பூண்டின் வேலையா, மல்லிகா வயிறு நிறையச் சாப்பிட்டதன் வேலையா, எனக்குத் தெரியாது. அன்றைக்கு நானும் எதையும் விளக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். மாமியார் தெருமுனை வரை வந்தார்.

"அடுத்த வாரம் வரும்போது இன்னும் ரெண்டு கிலோ கொண்டாங்க தம்பி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பெரியசாமி கேட்டா, கருவாடுன்னு சொல்லிருங்க."