குளத்துக்குள் ஒரு குண்டூசி

எங்கள் போக்குவரத்துப் பாதுகாப்புப் பிரிவில் ஆட்கள் நான்கு பேர். ஒழுங்காக வேலை செய்வது சுவர் மட்டும்தான். அதில் ஊர் வரைபடம் தொங்குகிறது. விபத்து நடந்த இடத்தில் சிவப்புக் குண்டூசி குத்த வேண்டும். ஒரே இடத்தில் மூன்று சேர்ந்துவிட்டால் அது அபாயப் பகுதி. ஒரு மாதத்துக்குள் அங்கே வேகத்தடை போட்டு, மூன்றாவது ஆள் அடிபடும்வரை ஏன் தூங்கினோம் என்று மேலிடத்துக்கு விளக்கமும் எழுத வேண்டும். வேகத்தடை போட்டுவிடலாம். விளக்கம் எழுதத்தான் எங்கள் அதிகாரிக்குக் கை வராது.

ஆகவே மூன்றாவது குண்டூசி எங்கேயும் விழாது. அந்தப் பெருமை முழுக்க என் எதிர் மேசை அண்ணனுக்குத்தான். இருபத்திரண்டு வருட சர்வீஸ். முனையில் அடிபட்டவரைப் பாலத்தில் குத்துவார், பாலத்தில் விழுந்தவரைச் சந்தைப் பக்கம் தள்ளுவார். போன வருடம் மருந்துக் கிடங்கு முனையில் லாரி இடித்த பால்காரரைக் கொண்டுபோய்க் குளத்துக்குள் குத்திவிட்டார்.

"குளத்துல ஏதுண்ணே ரோடு?" என்றேன்.

"கோடையில தண்ணி வத்திடும்மா" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம். அபாயப் பகுதியே இல்லாத பிரிவு என்று எங்களுக்குக் கேடயம் வேறு கொடுத்தார்கள். வெட்கக்கேடு! நானும்தான் கைதட்டினேன்.

அண்ணனின் மகள் அந்தக் கிடங்கு முனையைத் தாண்டித்தான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவாள். அவர் மனைவி வாயை மூடிக்கொண்டு இருக்கிற ரகம் இல்லை. தெருவே கையெழுத்துப் போட, வேகத்தடை கேட்டு மனு கொடுத்தார். மனு ஊரெல்லாம் சுற்றிவிட்டு அண்ணன் மேசைக்கே வந்து சேர்ந்தது. வரைபடத்தைப் பார்த்தார். முனையில் இரண்டே குண்டூசி. 'பதிவேட்டின்படி அவ்விடத்தில் அபாயம் இல்லை' என்று எழுதி, கையெழுத்திட்டு, தன் வீட்டு முகவரிக்கே தபாலில் அனுப்பினார் மனுஷன்!

"எழுத்து முத்து முத்தா இருக்கு. உங்க பொண்ணுக்கும் படிச்சுக் காட்டுங்க" என்றாராம் மனைவி.

மூன்றாம் வாரம் அதே முனையில் லாரி அண்ணன் மகளை இடித்தது. உயிர் தப்பியது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இனி நேராக நடப்பாளா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து அண்ணன் வேலைக்கு வந்தார். அதிகாரி அவர் தோளைத் தட்டி, குரலை இறக்கிச் சொன்னார்: "மனசுக்குக் கஷ்டமாத்தான்யா இருக்கு. பாப்பாவோட ஊசிய மட்டும் ஒரு விரல் தள்ளிக் குத்திடுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் குண்டூசி ஒன்றை எடுத்து முனையிலேயே ஆழமாகக் குத்தினார். பிறகு பாலத்திலிருந்தும் சந்தையிலிருந்தும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதனதன் இடத்தில் நட்டார். ஒருவரைக்கூட மறக்கவில்லை.

"என்னய்யா பண்றீங்க? விளக்கம் யாருய்யா எழுதுறது?" என்று அலறினார் அதிகாரி.

"நானே எழுதறேன் சார்."

கடைசியாகக் குளத்துக்குள் கிடந்த பால்காரரின் ஊசியைப் பிடுங்கினார். என் பக்கம் திரும்பினார்.

"இவரை அன்னிக்கே முனையில குத்தியிருந்தா மூணாவது இவருதாம்மா. போன வருஷமே வேகத்தடை வந்திருக்கும்."

அன்றைக்கு அந்தக் குளத்துப் பேச்சுக்கு எல்லோரையும்விட அதிகம் சிரித்தது நான்தான்.