என்னைக் காட்டி வழி வாங்கியவர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீங்கான் கம்பெனி வேலைக்கு நான் போன ஷேர் ஆட்டோவை ஓட்டியவர் ஒல்லியானவர், நரைத்த மீசைக்காரர். பாலக்கரை ரவுண்டானாவில் எல்லோரும் முண்டியடிக்கும்போது அவர் மட்டும் வண்டியை அணைத்துவிட்டு, "போங்க சாமி, போங்க" என்று கை காட்டுவார். அதற்காகவே நான் வேறு ஆட்டோவில் ஏறியதில்லை.

ஒரு நாள் வண்டியில் நான் ஒருத்திதான். நெரிசலில் அவர் தலையை வெளியே நீட்டி, "ஆஸ்பத்திரி கேஸு, அம்மாவுக்கு நெஞ்சு வலி, வழி வுடுங்க" என்று கத்தினார். பஸ்ஸுகூட ஒதுங்கியது. ஒரு பெண் ஓடி வந்து தன் தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்து, "ஒண்ணும் ஆவாதும்மா" என்றாள். கூச்சத்தோடு வாங்கிக்கொண்டேன்.

தாண்டியதும் அவர் சிரித்தார். "லேட்டாப் போனா ஸ்டாண்டுல என் முறை போயிடும் அத்த. உங்க மூஞ்சியப் பாத்தா எவனும் சந்தேகப்பட மாட்டான்."

"நல்லா இருக்கறவள இப்படிச் சொல்லலாமாப்பா?"

"நின்னவன்லாம் புண்ணியம் பண்ணிட்டோம்னு போறான். வுடுங்க அத்த."

அத்தனை நாள் கை காட்டி நின்றவரும் இவரும் ஒருவர்தானா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. அன்று அங்கே ஒதுங்கி நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், விவரம் சரிதானா என்று பாருங்கள். எனக்கு அன்று நெஞ்சு வலி இல்லை.