போதும் என்று சொல்ல வேண்டியவர்

நுண்ணோக்கி அறையில் விளக்கை அணைத்துவிட்டுத்தான் வேலை. சாயம் ஏற்றிய தண்டுவடத் துண்டை வைத்து லென்ஸைத் திருகினால், இருட்டுக்குள்ளிருந்து பச்சைப் பச்சையாக நட்சத்திரங்கள் எழும்பி வரும். அவை நரம்புகள் அல்ல. நரம்புகளுக்குச் சோறு போட்டு, குப்பை அள்ளி, காயம் பட்டால் ஓடி வருகிற துணைச் செல்கள். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறவர்கள் இருப்பார்களே, அந்த ரகம். பார்த்துக்கொண்டே இருந்தால் சென்னையில் இருக்கிறேனா, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் நாற்றங்கால் ஓரம் நிற்கிறேனா என்று ஒரு நிமிடம் மயக்கமாகிவிடும்.

அப்படி ஒரு மயக்கத்தில் இருந்த மாசி மாத மதியம் போன் வந்தது. சம்பா அறுப்பு முடிந்து டிராக்டரில் ஏற்றிய வைக்கோல் கட்டின் உச்சியிலிருந்து அண்ணன் விழுந்துவிட்டார். முதுகெலும்பு உடைந்து தண்டுவடம் நசுங்கியிருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நான் படிக்கிற படிப்பு என் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அந்த நுண்ணோக்கி மேல் கோபப்பட்டேன்.

அதன் பிறகு அண்ணன் போனில் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். "கால் திரும்ப வருமா, சொல்லு." அதற்கு மட்டும் நான் பதில் சொல்ல மாட்டேன். செல்களைப் பற்றிச் சொல்வேன். அடிபட்ட இடத்தில் அழற்சி மூளும். செத்ததைத் துப்புரவு செய்ய அது வேண்டும்தான். ஆனால் அடங்காமல் போனால் பக்கத்தில் நன்றாக இருப்பதையும் தின்றுவிடும். அதனால் நட்சத்திரச் செல்கள் காயத்தைச் சுற்றி நெருக்கி நின்று அதை உள்ளேயே அடக்குகின்றன. பின்னால் அந்த அடைப்பே நரம்பு வளர்ந்து கடந்து வர இடைஞ்சலாகவும் ஆகலாம்.

"வாய்க்கால் ஒடைஞ்சா மண்மூட்டை அடுக்குறோம்ல, அது மாதிரி," என்றார் அண்ணன். "சரி, நடுவுல ஒரு மடை வெட்டிவிட வேண்டியதுதானே?"

"அவசரப்பட்டு வெட்டுனா பக்கத்து வயலும் போயிடும்ணே. எலிக்கு அந்தச் செல் இல்லாமப் பண்ணிப் பாத்திருக்காங்க. புண்ணு இன்னும் பெருசாச்சு."

"அப்ப எப்பதான் வெட்டுறது?"

"அதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்."

கேட்ட கேள்வி ஒன்று, சொன்ன பதில் வேறு. அவருக்கும் அது தெரிந்தே இருந்தது.

ஐப்பசி மழையில் ஊருக்குப் போனேன். அண்ணனின் கால்கள் சில்லிட்டிருந்தன. அண்ணி நொச்சி இலையையும் கல் உப்பையும் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்க உட்கார்ந்தார். வயல் வேலை முடிந்து வந்த காலுக்கு எங்கள் வீட்டில் எப்போதும் இதுதான் மருந்து. அதில் ஒரு வழக்கம் உண்டு. கொடுப்பவர் சூடு பார்ப்பதில்லை. வாங்குபவர்தான் "போதும்" என்று சொல்ல வேண்டும். இருபது வருடமாக அண்ணன் சொல்வார், அண்ணி எடுப்பார்.

அன்றும் அண்ணி அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தார். அண்ணன் கூரையைப் பார்த்தபடி மழையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். தவளைச் சத்தமும் நொச்சி வாசனையும் சேர்ந்து எனக்குக் கண் சொக்கிக்கொண்டு வந்தது. அந்தப் "போதும்" வரவே இல்லை.

துணியை எடுத்தபோது குதிகால் தோல் அதோடு வழன்று வந்தது.

அண்ணி அழவில்லை. முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். உணர்ச்சி இல்லாத காலில் சூடு வைக்கக் கூடாது என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான். செல்லுக்குச் செல் விளக்கம் சொன்ன வாய் அதை மட்டும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். நான் ஊரிலேயே தங்கிவிட்டேன். கட்டு மாற்றும்போதெல்லாம் பார்த்தேன். சிவந்தது, வீங்கியது, பிறகு மெல்ல வடிந்து ஓரத்திலிருந்து புதுத்தோல் மூடிக்கொண்டு வந்தது. அண்ணனுக்கு வலி ஒன்றும் தெரியவில்லை. கால் தன் பாட்டுக்கு ஆறிக்கொண்டிருந்தது.

புண் மூடிய அன்று, "தோலு வந்துடுச்சு. உள்ள?" என்று கேட்டார்.

இந்த முறை நான் செல்களைத் துணைக்குக் கூப்பிடவில்லை. "உறுதியாச் சொல்ல முடியலண்ணே. வராதுன்னுதான் நெனைக்கிறேன்."

அவர் ஜன்னல் வழியாக வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதைச் சொல்லவா இவ்ளோ சுத்து சுத்துன?" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை அழவைத்தது.

சாயங்காலம் கால் துடைக்க அண்ணி வெந்நீர் கொண்டுவந்தார். முதலில் தன் முழங்கையை உள்ளே விட்டுப் பார்த்தார். பச்சைத் தண்ணீர் ஊற்றினார். மறுபடியும் விட்டுப் பார்த்தார். அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்," என்றார் அண்ணி.