ஏழு கைகளும் மூன்று கையெழுத்துகளும்

பாயியா மாநிலத்தின் உட்பகுதியில், மத்திய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் சேர்க்கைப் பிரிவில், மூன்றாம் எண் கவுண்டர் ஜுசாராவுடையது. ஒதுக்கீட்டில் வரும் பிள்ளைகளின் காகிதங்கள் அவள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். "மூணாம் நம்பர்ல மட்டும் மாட்டிக்காதே, தாளை வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பா" என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்வார்கள்.

அந்தக் கண்டிப்புக்கு ஒரு கதை உண்டு. ஜுசாராவுக்குப் பத்தொன்பது வயதானபோது பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றம் கூடியது. கறுப்பினப் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இடம் ஒதுக்குவதா வேண்டாமா என்று காலையில் தொடங்கிய வாதம் மாலைவரை நீண்டது. ஆற்றுச் சேற்றில் நண்டு பிடித்து விற்கும் அம்மாவோடு அவள் வெளியே மாமரத்தடியில் நின்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஆதரவாக ஏழு கைகள் உயர்ந்து தீர்மானம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு அவள் மாணவியாக உள்ளே நுழைந்தாள். படித்து முடித்துத் தேர்வெழுதி அங்கேயே வேலைக்கும் வந்துவிட்டாள்.

உயர்ந்த அந்த ஏழு கைகள் யாருடையவை என்று அவளுக்குத் தெரியாது. நரைத்த தலையோடு எந்தப் பேராசிரியர் எதிரே வந்தாலும், இவராக இருக்குமோ என்று ஒரு வணக்கம் கூடுதலாகச் சொல்லுவாள். பொய்க் காகிதத்தோடு ஒருவர் உள்ளே வந்தாலும் அது அந்தக் கைகளுக்குச் செய்யும் துரோகம் என்பது அவள் எண்ணம்.

போன பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, வால்டெலீசி அம்மையார், அங்கே மரியாதையாகச் சொல்வதுபோல் டோனா வால்டெலீசி, தன் மகள் எடிலேனியை இழுத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தாள். அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடியவர்கள் ஆற்றோரம் அமைத்துக்கொண்ட ஊர்களில் ஒன்று அவர்களுடையது. அப்படிப்பட்ட ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனி இடங்கள் உண்டு. 'இவள் எங்கள் ஊர்ப் பெண்' என்று ஊர்த் தலைவர்கள் மூவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். எடிலேனிக்குச் செவிலியர் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் காகிதம் நிராகரிக்கப்பட்டிருந்தது.

"என்ன குத்தம் கண்டீங்க மகளே?" என்றாள் வால்டெலீசி.

ஜுசாரா கோப்பைத் திறந்தாள். அடியில் அவளுடைய முத்திரையே இருந்தது. "கையெழுத்துப் போட்டவங்க சொந்தக்காரங்களா இருக்கக் கூடாதுன்னு விதி. மூணு பேருக்கும் பிஸ்போன்னு பேரு முடியுது. உங்க பொண்ணும் பிஸ்போ."

"எங்க ஊர்ல பிஸ்போ இல்லாதது கோயில் மணியும் ஆட்டுக்குட்டியும்தான்! சொந்தம் இல்லாதவன் வெளியூர்க்காரன். அவனுக்கு எப்படி எங்களைத் தெரியும்? பஸ் டிரைவர்கிட்டயா கையெழுத்து வாங்கிட்டு வரணும்?"

"அம்மா, மெதுவா" என்று எடிலேனி தாயின் முழங்கையைப் பிடித்தாள்.

"எதுக்கு மெதுவா? கைவிட்டுப் போற இடம் உன்னோடது."

ஜுசாராவுக்குக் காது சுட்டது. அவள் பிறந்த மீனவர் குப்பத்திலும் பாதிப்பேருக்கு ஒரே குடும்பப்பெயர்தான். தெரிந்திருந்தும், ஒரே மதியத்தில் நாற்பது கோப்புகளைப் பார்த்த வேகத்தில் முத்திரை குத்தியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை மேல்முறையீட்டுக் குழு கூடும். அங்கே தீராவிட்டால் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும்.

அன்று மாலையே விதியை வரிவரியாகப் படித்தாள். சொந்தக்காரர் என்றால் யார் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. சட்டப் பிரிவில் கேட்டாள். அண்ணன் தம்பி வழியாகக் கிளைக்கும் பக்கவாட்டு உறவில் நான்காம் படிக்கு மேல் போனால் சட்டத்தின் கண்ணில் உறவே இல்லை என்றார்கள்.

வெள்ளிக்கிழமை குழுவின் தலைவர் பேராசிரியர் ஒட்டாசிலியோ சுண்ணக்கட்டியோடு பலகை முன்னால் நின்றார். "முதல் கையெழுத்து மிகேலினா. சொல்லுங்க டோனா."

"அவ தாத்தாவும் என் மாமியாரோட தாத்தாவும் அண்ணன் தம்பி."

தலைமுறைக்கு ஒரு படி என்று எண்ணி அவர் கோடு போட்டுக்கொண்டே ஏறி இறங்கினார். "எட்டாம் படி. அடுத்தது ரைமுந்தோ?"

"என் அம்மாவோட பெரியப்பா மகன்."

"ஆறு. அதுவும் சரி. மூணாவது, எவரால்தோ?"

வால்டெலீசியின் முகம் மலர்ந்தது. "அவரா! எல்லாரையும் விட நெருங்கின சொந்தம் அவருதான்."

ஜுசாரா கண்ணை மூடிக்கொண்டாள். எடிலேனி "அம்மா..." என்று முனகினாள்.

சுண்ணக்கட்டி நின்றது. "எந்த வழியில?"

"இவளுக்கு ஞானத் தகப்பன். ஞானஸ்நானத்துல கையில ஏந்தினவரு. இவ அப்பா செத்தப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் படகுல கொண்டுபோய் விட்டது யாரு? அவரு சொந்தம் இல்லைன்னு எவனாவது சொல்லட்டும்!"

"ரத்தத்துல, டோனா வால்டெலீசி?" என்று ஜுசாரா குறுக்கிட்டாள். "ரத்தத்துல சொல்லுங்க."

"ரத்தத்துல ஒண்ணுமில்லை. அவங்க எங்க ஊர்லயே ஆத்துக்கு அந்தக் கரைப் பிஸ்போ. வேற கூட்டம்."

ஒட்டாசிலியோ சிரித்துவிட்டார். "சட்டத்துக்கு அந்தச் சொந்தம் தெரியாது டோனா. தெரியாததே நல்லது." இடம் எடிலேனிக்கே என்ற முடிவைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார்.

வெளியே வந்ததும் வால்டெலீசி துணிமூட்டையை அவிழ்த்தாள். வாழையிலையில் சுற்றிய மரவள்ளி அடைகள். இன்னும் சூடு இருந்தது.

"அரசு ஊழியர் பரிசு வாங்கக் கூடாது" என்றாள் ஜுசாரா.

"பரிசு யாரு குடுத்தா? நான் சாப்பிடப் போறேன். பக்கத்துல உக்காந்து நீயும் சாப்பிடு. நன்றி சொல்லத்தான் கொண்டாந்தேன்."

"நான்தான் சொல்லணும் டோனா. நீங்க பஸ் ஏறி வந்து சண்டை போடாம இருந்திருந்தா என் தப்பு எனக்கே தெரிஞ்சிருக்காது. எத்தனை பேரு வராமலே போனாங்களோ."

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. விதியைத் திருத்தச் சொல்லி மனு எழுதினாள். செப்டம்பரில் ஆட்சிமன்றம் அதை எடுத்துக்கொண்டது. 'ஒரே வீட்டில் வசிப்பவர் மட்டும் கையெழுத்திடக் கூடாது' என்று மாற்றக் கைகள் உயர்ந்தன. பார்வையாளர் வரிசையில், வெள்ளைச் சீருடையில் வந்திருந்த எடிலேனியின் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தமுறை ஒவ்வொரு முகத்தையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். முதலில் உயர்ந்த கை, மன்றத்திலும் உறுப்பினரான ஒட்டாசிலியோவுடையது.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அவரை நிறுத்தினாள். "புரொபசர், அன்னைக்கு ஒதுக்கீட்டுக்குக் கை தூக்கின அந்த ஏழு பேர்ல நீங்களும் ஒருத்தர்தானே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லம்மா. நான் எதிர்த்து ஓட்டுப் போட்டவன்."

 ஜுசாரா வழக்கமான கூடுதல் வணக்கத்தை அவருக்கும் சொன்னாள்.