கங்காணி பூரணியின் வெறும் வயிறு

எங்கள் தோட்டத்தில் பெண்கள் கொழுந்து எடுப்பார்கள், ஆண்கள் மேலே நின்று பார்ப்பார்கள். அப்படி நிற்பதற்குப் பெயர் கங்காணி வேலை. நோர்வூட்டில் பஸ் இறங்கி மலை ஏறினால் வருகிற எங்கள் டிவிசனில் நான் கூடை தூக்கிய நாள் முதல் இதுதான் வழக்கம். போன வருசம் புதிதாக வந்த துரைக்கு என்ன தோன்றியதோ, எங்கள் குழுவுக்கு ஒரு பெண்ணைக் கங்காணியாகப் போட்டுப் பார்ப்போம் என்றார். ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பெண்களிலும் பாதிப் பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மேலே யார் நின்றாலும் திட்டு வாங்கப்போவது இந்த ஐவிதான், இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

துரை பிடித்துப் போட்டது பூரணியை. லயத்தில் எனக்கு அடுத்த வீட்டுக்காரி. இருபத்துநாலு வயசு. ஏ.எல். வரைக்கும் படித்துவிட்டு, கூடப் படித்ததுகள் எல்லாம் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போனபோது, அம்மாவைத் தனியாக விட மாட்டேன் என்று கொழுந்துக்கு வந்தவள். கை வேகம், கால் வேகம், வாய் இரண்டையும் விட வேகம். அடுத்த மலையிலிருந்து கூப்பிட்டாலும் காதில் அறைகிற மாதிரி குரல். “தீபாவளி வரைக்கும் பார்ப்போம். சரியா செஞ்சா நிரந்தரம்” என்று கண்டாக்கு முத்துலிங்கம் ஐயா சொன்னார். வயல்வெளி வேலை முழுவதையும் பார்க்கிறவர் அவர். அவர் வாயில் வந்தால் துரை வாயில் வந்த மாதிரிதான்.

முதல் இரண்டு மாசம் பிள்ளை பறந்தது. அதன் பிறகுதான் என்னவோ ஆனது.

எங்கள் குளிர் எங்களுக்குப் பழக்கம். அவளுக்கும்தான். ஆனால் வெயில் அடிக்கிற பகலிலும் இரண்டு சுவெட்டரைப் போட்டுக்கொண்டு கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். முகம் ஊதியது. தலை வாரினால் சீப்பு முழுக்க முடி. சாப்பாடு பாதியாகக் குறைந்தது, உடம்பு மட்டும் பெருத்தது. அந்தக் குரல் கரகரத்துத் தடித்து, ஆம்பிளைக் குரலாகப் போய்விட்டது. காலையில் எழும்ப முடியாமல் அவள் அம்மா உலுக்குகிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

கல்யாணமாகாத பெண்ணுக்கு உடம்பு ஊதினால் பீலிக்கரையில் என்ன பேசுவார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா? தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடம் நிறைந்த பிறகும் போகாமல் நின்று பேசினார்கள். மாசமாக இருக்கிறாளாம். யார் என்று மட்டும் தெரியவில்லையாம். எனக்கு வந்த கோபத்துக்கு ஒருத்தியின் குடத்தை எட்டி உதைத்தேன். பிளாஸ்டிக் குடம், உடையவில்லை. அதுதான் கவலை.

பூரணி அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. தானாகவே டவுனுக்குப் போய் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டினாள். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைரொயிட் என்றார்கள். கழுத்தில் இருக்கிற ஒரு சுரப்பி வேலை செய்ய மறுக்கிறது, அதனால் உடம்பில் எல்லாமே மெதுவாகிவிட்டது, தினமும் ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும், ஆனால் ஆயுசு முழுக்கப் போட வேண்டும். காலையில் எழும்பினதும் வெறும் வயிற்றில். அவ்வளவுதான் வைத்தியம்.

அவளும் ஒரு நாள் விடாமல் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த முறை போனபோது மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள். அதற்கும் அசையவில்லை.

இந்தக் காலத்தில்தான் நான் அவளைக் கவனித்துப் பார்த்தேன். குரல் போய்விட்டதால் மேலே நின்று கத்த முடியாது. வேறு கங்காணியாக இருந்தால் ஒரு பொடியனை விட்டுக் கத்தச் சொல்லியிருப்பான். இவள் ஒவ்வொருத்தியிடமும் நடந்து போனாள். அந்தச் சரிவில், கால் ஈயமாகக் கனக்கிற உடம்போடு, செடிக்குச் செடி இறங்கி வந்து, முகத்துக்கு நேரே சொன்னாள். சொன்னது மறந்துபோகும் என்று பயந்து, “நா என்ன சொன்னேன்னு திருப்பிச் சொல்லுங்கக்கா” என்று எங்களையே ஒப்புவிக்க வைப்பாள். எங்களுக்குச் சிரிப்பாக இருந்தாலும், வேலை ஒன்றும் தவறிப்போகவில்லை. எனக்கு அப்படி ஒரு உடம்பு இருந்திருந்தால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன், கூப்பிட வந்தவனையும் கடித்திருப்பேன்.

ஆனால் ஒரு நாள் உடம்பு அவளை ஏமாற்றிவிட்டது. மூடுபனியும் தூறலுமாக இருந்த பின்னேரம். கொழுந்து நிறுக்கிற மடுவக் கொட்டகைக்குப் போகச் சொல்லி அவள் கூப்பிட வேண்டும். கூப்பிடவே இல்லை. நாங்கள் கனத்த கூடைகளோடு நனைந்துகொண்டு நின்றோம். சுற்றிப் பார்க்க வந்த கண்டாக்கையா, ஒரு கல்லில் உட்கார்ந்து மரத்தில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த பூரணியைக் கண்டுபிடித்தார். அவர் கத்தவில்லை. “திங்கக்கிழமை பெரட்டுல முடிவு சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். காலையில் எல்லாரும் கூடி வேலை பிரிக்கிற இடம்தான் பெரட்டு. அங்கே ஒருத்தரை இறக்கினால் தோட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பக்கத்து மலைக் குழுவின் கங்காணி செல்லசாமிக்கு அன்று இரவே தீபாவளி வந்துவிட்டது. இரண்டு குழுவையும் தானே பார்த்துக்கொள்வதாக அவர் ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார். பூரணி இறங்கினால் அடுத்த ஒரு பெண்ணை அந்த இடத்தில் போட எந்தத் துரைக்கும் தைரியம் வராது. இது எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சனிக்கிழமை கிளினிக். பஸ்ஸில் தூங்கி டவுனைத் தாண்டிப் போய்விடுவேனோ என்று பயந்து என்னையும் கூட்டிப் போனாள். டாக்டர் ஒரு சின்ன வயசு சிங்களப் பிள்ளை. இரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். பூரணி நன்றாகச் சிங்களம் பேசுவாள், எனக்கும் விளங்கும்.

“மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா?”

“ஒரு நாளும் விட்டதில்ல மிஸ்.”

“காலையில எழும்பினதுல இருந்து என்ன செய்றீங்கன்னு சொல்லுங்க.”

“எழும்புவேன். அம்மா தேத்தண்ணி தருவாங்க. அதோட மாத்திரையை முழுங்குவேன். பிறகு பெரட்டுக்குப் போவேன்.”

டாக்டர் பேனையைக் கீழே வைத்தாள். “வெறும் வயித்துல போடச் சொன்னேனே?”

“வெறும் வயிறுதான் மிஸ். ரொட்டி பத்து மணிக்குத்தான் திம்பேன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “தேத்தண்ணி என்ன சாப்பாடா மிஸ்?” என்று நானும் குறுக்கே விழுந்தேன்.

அந்தப் பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். தேத்தண்ணி இந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் தடுக்குமாம். பால் ஊற்றினால் இன்னும் மோசமாம். வெறும் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும், ஒரு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணியைத் தொடக்கூடாது. இனிமேல் அப்படிப் போட்டால் ஆறு கிழமையில், அதாவது ஒன்றரை மாசத்தில், வித்தியாசம் தெரியும்.

வெளியே வந்து இரண்டு பேரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தோம், பிறகு அவள் அழுதாள். எங்கள் மலையில் விடியற்காலைத் தண்ணீர் பல்லைக் கழற்றும். அதை யார் குடிப்பார்கள்? காய்ச்சல் மாத்திரை, தலையிடி மாத்திரை, பூச்சி மாத்திரை, எல்லாம் தேத்தண்ணியில்தான் உள்ளே போகும். கண் திறந்ததும் தேத்தண்ணி குடிப்பது மூச்சு விடுகிற மாதிரி, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கோயில் விரதத்துக்கும் தேத்தண்ணி குடிப்போம், வேதக்காரர்களான எங்கள் தவக்காலத்துக்கும் குடிப்போம். எல்லாரையும் சந்தேகப்பட்டோம். செய்வினையா என்றுகூட அவள் அம்மா கேட்டுப் பார்த்தாள். தேயிலையை மட்டும் நாங்கள் யாரும் சந்தேகப்படவில்லை.

மறுநாளே ஆரம்பித்தாள். எல்லா வீட்டு அடுப்பிலும் தேயிலை மணக்கிற நேரத்தில், ஆறிய சுடுதண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிட்டு, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அடுப்படியில் இருந்தால் கை தானாகக் கோப்பைக்குப் போய்விடுமாம். “தேத்தண்ணி குடிக்காம பெரட்டுக்குப் போற புள்ளைய நீ எங்கயாச்சும் கண்டிருக்கியா ஐவி?” என்று அவள் அம்மா என்னிடம் முறையிட்டாள். பெற்றவள் ஊற்றிக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வது எங்கள் வீடுகளில் சின்ன விசயம் இல்லை. பூரணி அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள், ஆனால் குடிக்கவில்லை.

ஆறு கிழமை என்று டாக்டர் சொன்னாள். கையில் இருந்தது ஞாயிறு ஒரு நாள்.

திங்கட்கிழமை பெரட்டுக்கு ஊதின முகத்தோடும் இரண்டு சுவெட்டரோடும்தான் வந்தாள். கண்டாக்கையா நல்லவிதமாகவே பேசினார்.

“பூரணி, ஒடம்பு முடியலன்னா கொஞ்ச நாள் கொழுந்து எடும்மா. செல்லசாமி ரெண்டு குழுவையும் பார்த்துக்குவாரு. சொகமானதும் யோசிப்போம்.”

யோசிப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாதா? பூரணி ஓரடி முன்னால் வந்தாள்.

“ஐயா, எனக்குத் தைரொயிட். நா மாசமா இல்ல. பீலிக்கரையில பேசுறவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.” அந்தக் கரகரத்த குரலில் அவள் சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. “ஆயுசுக்கும் மாத்திரை போடணும். இத்தனை நாளா தேத்தண்ணியில போட்டேன், அதான் கேக்கல. இப்ப சரியா போடுறேன். ஆறு கிழமையில தெரியும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மலையில தூங்கினது என் தப்பு, மன்னிச்சுக்கங்க. இனிமே மலையில ஒக்காரவே மாட்டேன். ஆனா வேலைய விட மாட்டேன் ஐயா. தீபாவளின்னுதானே பேச்சு?”

செல்லசாமி தொண்டையைச் செருமினார். “நோயாளிய வச்சு எப்படிங்க வேலை வாங்குறது?”

“மாமா, ஒங்களுக்குச் சீனி வருத்தம். நீங்களும் தெனம் மாத்திரை போட்டுட்டுத்தானே வாறீங்க? ஒங்கள யாராச்சும் கொழுந்து எடுக்கச் சொன்னாங்களா?”

பெரட்டே வெடித்துச் சிரித்தது. கண்டாக்கையாவும் வாயைத் துடைக்கிற மாதிரி கையை வைத்து மறைத்துக்கொண்டார். “சரி சரி. தீபாவளின்னா தீபாவளிதான். போங்க மலைக்கு” என்றார்.

தீபாவளிக்குள் அவள் குரல் திரும்பியதும், வேலை நிரந்தரமானதும், இன்றைக்கும் விடியற்காலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு தேத்தண்ணி இல்லாமல் அவள் வாசலில் நிற்பதும் ஊருக்கே தெரியும். எனக்குப் பெருமையாக இருப்பது அந்தத் திங்கட்கிழமை மலை ஏறினதுதான்.

பெரட்டு கலைந்தால் நாங்கள் ஓடுவோம். நல்ல கொழுந்து நிற்கிற நிரையை யார் முதலில் போய்ப் பிடிக்கிறாளோ அவளுக்குத்தான் அந்த நிரை. அதற்காக அக்கா தங்கச்சியே முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு யாரும் ஓடவில்லை. பூரணி முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு, நாலடிக்கு ஒரு தரம் நின்று நின்று ஏறினாள். அவள் பின்னால் எங்கள் குழு முழுவதும் வாயை மூடிக்கொண்டு வந்தது. பாதை அகலமாக இருந்தும் ஒருத்தியும் அவளைத் தாண்டவில்லை. பீலிக்கரையில் பேசினவளும் தாண்டவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மூடுபனி என்று சமாளித்துக்கொண்டேன்.

வளைவில் அவள் திரும்பிப் பார்த்தாள். எங்களைக் கண்டதும் ஊதின முகம் சிவந்துபோனது.

“என்ன, சாமி ஊர்வலமா போறீங்க? நிரை புடிக்கிறது யாரு, எங்க அம்மாவா? ஓடுங்க முன்னால!”

ஓடினோம். இடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டு, கூடை கூடையில் மோத, அவளைத் தாண்டி ஓடினோம். நான் நல்ல நிரையாகப் பிடித்து அரைக் கூடை எடுத்த பிறகுதான் அவள் மேலே வந்து சேர்ந்தாள். இடுப்பில் கையை வைத்து மூச்சை இழுத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் கல் இருந்தது, உட்காரவில்லை. என் கூடைக்குள் கையை விட்டுக் கிளறி, கொழுந்தோடு சேர்க்கக் கூடாத முற்றிய இலை இரண்டை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“ஐவிக்கா, இது என்ன?”