வீட்டுக்குள் குழாய்

பேராச்சிக்குக் கல்யாணம் பேசியபோது, மாப்பிள்ளை வெயிலுமுத்துவைப் பற்றி ஊரில் அடிபட்ட பெரிய சேதி ஒன்றே ஒன்றுதான். பம்பாயில் அவன் வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது. குர்லாவில் லேத் பட்டறை வேலை, குடி கிடையாது, பீடி கிடையாது என்பதெல்லாம் அப்புறம். “திறந்தா கொட்டுது. பிள்ள குடம் தூக்கவே வேண்டாம்” என்று பேச வந்தவர் சொன்னதும், அரை மைல் நடந்து தண்ணீர் சுமந்தே இடுப்பொடிந்த அவள் அம்மா மீனாட்சியம்மாள் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டாள். அது என்ன தண்ணீர் என்று ஒரு ஈ காக்கை கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? குழாயில் வந்தால் நல்ல தண்ணீர்தான் என்று ஊர் மொத்தமும் நம்பிக்கொண்டிருந்தது.

அறுபத்திரண்டில் செம்பூரில் வந்து இறங்கினாள். பத்து அறைகள் வரிசையாக நிற்கிற ஒரு சால். அதன் சொந்தக்காரர் தன் கிணற்றில் மோட்டார் போட்டு, மேலே தொட்டியில் ஏற்றி, அறைக்கொரு குழாய் இழுத்துவிட்டிருந்தார். முனிசிபாலிட்டித் தண்ணீர் அந்தச் சந்துப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் அப்பட்டமான சவர். பார்க்கப் பளிங்காக இருக்கும், வாயில் ஊற்றினால் நாக்கு சுருட்டிக்கொள்ளும்.

அந்தத் தண்ணீர் அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. சோப்பு நுரைக்காது, திரிதிரியாகத் திரண்டு துணியில் ஒட்டும். வெயிலுமுத்துவின் வெள்ளைச் சட்டை மூன்றே மாதத்தில் பழுப்பேறி, காய்ந்தால் அட்டை மாதிரி நிற்கும். வெந்நீர் போடும் குண்டானுக்குள் சுண்ணாம்பு அப்பியதுபோல் வெள்ளைப் பொருக்கு. கரண்டிக் காம்பால் சுரண்டிச் சுரண்டிக் குண்டானே ஓட்டையாகிவிட்டது. சீயக்காய் போட்டுத் தலை முழுகினால் முடி சடைபிடித்துக்கொள்ளும், சீப்பு வைத்தால் கொத்தாய் வரும். முழங்கை நீளப் பின்னல் நாலு வருஷத்தில் எலிவாலாய்ப் போயிற்று. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். பருப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. துவரம்பருப்பை இரண்டு மணி நேரம் ஸ்டவ்வில் வைத்தாலும் விதைவிதையாகக் கிடக்கும். விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாள், ஆப்பச்சோடா போட்டுப் பார்த்தாள். ம்ஹூம்.

வெயிலுமுத்து தட்டை நகர்த்திவிட்டு, “ஏளா, ஒங்கம்மை ஒனக்குப் பருப்பு வேக வைக்கக்கூடச் சொல்லித் தரலியா?” என்பான்.

“தண்ணிய்யா. இந்தத் தண்ணியில கல்லுதான் வேகும்.”

“தண்ணிக்கென்ன? வீட்டுக்குள்ள கொழா வச்சுக் குடுத்திருக்கேன். லேபர் கேம்ப்புல போயிப் பாரு, ஒரு கொடத்துக்குக் குடுமிச் சண்டை போடுதாளுவோ. ஒனக்குத் திமிரு.”

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் குடுமிச் சண்டை உண்டுதான். ஆனால் அங்கே தெருக்குழாயில் வருவது ஏரித் தண்ணீர். அந்தச் சண்டையில் போய் நின்று தலைமயிர் பிய்ந்தாலும் பரவாயில்லை என்று பேராச்சிக்கு இருந்தது. எப்படியும் இங்கேயும் பிய்ந்துகொண்டுதானே இருக்கிறது! இரண்டு சந்து தள்ளி ஷரீஃபுன்னிசா என்ற அம்மாள் வீட்டு முற்றத்தில் முனிசிபல் குழாய் இருந்தது. ஒரே ஒருநாள் அங்கே போய்க் குடம் எடுத்து வந்ததற்கு வெயிலுமுத்து குதியோ குதி என்று குதித்தான். “வீட்டுக்குள்ள கொழா வச்சிருக்கவன் பெஞ்சாதி ரோட்டுல கொடம் தூக்கிட்டுப் போறான்னா நாலு பேரு என்னைய என்ன நெனப்பான்?” அத்தோடு அந்த வழியும் அடைபட்டது.

அறுபத்தாறு ஆடியில் ஒரு கதவு திறந்தது. லேபர் கேம்ப்பில் ஒரு குடும்பம் ஊரோடு போகிறது, அறை காலியாகிறது. அதை யாருக்கு விடுவது என்று முடிவு செய்கிறவர் ஆறுமுகநயினார். வெயிலுமுத்துவுக்குத் தாய்மாமன் முறை. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் அவர் சொல்தான் சொல். பேராச்சி பத்து நாள் விடாமல் நச்சரித்தாள், இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். கடைசியில் வெயிலுமுத்து கையெடுத்துக் கும்பிட்டான்.

“சரிட்டி. ஞாயித்துக்கெழம மாமாவச் சாப்பிடக் கூட்டியாறேன். அவரு முன்னால பருப்பு வேகலன்னா தண்ணி மேல குத்தம், போயிருவோம். வெந்துட்டா ஓங் கைமேல குத்தம். பெறவு இதப்பத்தி வாயத் தொறக்கப்படாது.”

பேராச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேகாது என்பதில் அவளுக்கு என்ன சந்தேகம்? சும்மா இருந்தாலே போதும், தண்ணீரே அவளுக்காகப் பேசிவிடும். சனிக்கிழமையே தட்டுமுட்டுச் சாமான்களை மனசுக்குள் மூட்டை கட்டிவிட்டாள்.

ஞாயிறு காலை மாமாவைக் கூட்டிவர வெயிலுமுத்து மாட்டுங்காவுக்குப் போனான். இவள் பருப்பை ஏற்றினாள். ஒரு மணி நேரம். ஒன்றரை மணி நேரம். கரண்டியால் கிண்டினால் கடகடவென்றது. ‘கிடக்கட்டும், இன்னும் நல்லாக் கிடக்கட்டும்’ என்று அவளே சொல்லிக்கொண்டாள். இலையை நறுக்கித் துடைத்து வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. வாயில் கடிபடுகிற பருப்பை ஒரு பெரிய மனுஷருக்கு எந்தக் கையால் பரிமாறுவது? தண்ணீர் சரியில்லை என்றா அவர் சொல்லப்போகிறார்? மீனாட்சியம்மாள் மகளுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்றுதான் சொல்வார். அடுத்த வாரமே அந்தப் பேச்சு தபால் கார்டில் ஊருக்குப் போய்விடும். அம்மா கிணற்றடியில் தலைகுனிந்து நிற்பது அவள் கண்முன் வந்தது. விடுதலைதான் வேண்டும், ஆனால் பசியோடு வருகிறவருக்கு வேகாத பருப்பைப் போட்டா அதை வாங்குவது? சே!

குடத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்சந்து வழியாக ஓடினாள். ஷரீஃபுன்னிசா அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் தன் வாளியை நகர்த்திவிட்டு, “லே ஜா, பேட்டி, லே ஜா”, எடுத்துப் போ மகளே என்று குடத்தைக் குழாயடியில் வைத்தாள். பழைய பருப்பைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஏற்றினாள் பேராச்சி. அரை மணி நேரத்தில் வெண்ணெயாய்க் குழைந்தது. அதைப் பார்த்து அவளுக்கு அழுகைதான் வந்தது.

வெயிலுமுத்துவும் பக்கத்தில் இருக்க, ஆறுமுகநயினார் இலைமுன் உட்கார்ந்தார். முதல் கவளம் வாய்க்குப் போனதும் புருவம் ஏறியது. சாம்பாரை மூன்று தரம் கேட்டு வாங்கினார்.

“ஏல வெயிலு, பருப்புன்னா இதுல்லா பருப்பு! பூ மாரில்லா வெந்திருக்கு. இந்தத் தண்ணிக்கா மூக்கச் சிந்துதீய?”

“நான் சொல்லல மாமா. இவதான்.”

“ஏம்மா, வீட்டுக்குள்ள கொழா, இப்படி ஒரு தண்ணி. இத விட்டுப்போட்டுக் கேம்ப்புல வந்து கியூவுல நிக்கணும்னு தலையெழுத்தா? அந்த ரூமு நம்ம பூலோகம் பயலுக்கு இருக்கட்டும். நாலு பிள்ளைகள வச்சுக்கிட்டுச் செரமப்படுதான்.”

பேராச்சி வாயைத் திறந்தாள். “மாமா, அது இந்த வீட்டுத் தண்ணி...” என்றவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். மாமா வெளியிடத்தில் கை நனைக்காத ஆசாரக்காரர். பிற மதத்தார் வீட்டுத் தண்ணீரில் பொங்கியது என்று தெரிந்தால் இலையிலிருந்து அப்படியே எழுந்துவிடுவார். ஜென்மத்துக்கும் இந்த வாசல்படி மிதிக்கமாட்டார். ஒன்றும் கேட்காமல் குடம் நிரப்பிக் கொடுத்த ஷரீஃபுன்னிசாவைப் பற்றியும் என்னென்ன பேசுவாரோ.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல மாமா. இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கட்டா?”

அவரை ரயிலேற்றிவிட்டு வெயிலுமுத்து திரும்பி வரும்வரை எச்சில் இலையைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். எது ஆனாலும் சரி, இவனிடம் சொல்லிவிடுவது. அடித்தால் அடிக்கட்டும். உண்மை தெரிந்துவிட்டால் இவனே மாமாவிடம் ஓடுவான், அறை இன்னும் கைவிட்டுப் போகவில்லை. அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கொட்டிவிட்டாள்.

“அது நம்ம கொழாத் தண்ணி இல்ல. ஷரீஃபுன்னிசா வீட்டுலருந்து கொண்டாந்தேன். நம்ம தண்ணியில பருப்பு வேகவே இல்ல. சத்தியமா வேகல.”

வெயிலுமுத்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“வாயில வச்சதுமே தெரிஞ்சுது. ஒனக்கு முன்னாலயே அஞ்சு வருசம் இந்தத் தண்ணியக் குடிச்சவம்ளா நான். சவருன்னு எனக்குத் தெரியாதாக்கும்?”

“தெரிஞ்சுக்கிட்டா என்னையக் குத்தம் சொன்னீரு?”

அவன் அவளைப் பார்க்கவில்லை. “ஊருல அம்புட்டுப் பேருகிட்டயும் வீட்டுக்குள்ள கொழான்னு சொல்லியாச்சு. அதச் சொல்லித்தான் ஒன்னையக் கட்டினேன். இப்பம் போயித் தெருக்கொழாயில நிக்கச் சொல்லுதியா?”

நாலு வருஷமாக இவனுக்குத் தெரியவில்லை என்றுதான் அவள் நம்பியிருந்தாள். தெரியாதவனுக்கு என்றைக்காவது புரிய வைத்துவிடலாம். அந்த ஒன்றை வைத்துத்தான் அத்தனை நாளையும் ஓட்டினாள்.

“காப்பி போடு, தலைய வலிக்கி” என்றான்.

பேராச்சி எழுந்து, பாத்திரத்தைக் குழாய்க்கடியில் பிடித்துத் திறந்தாள்.